பொதுக் குழாயும் குழந்தைத் துணியும்

அயலூரில் குடியேறிய குடும்பத்துக்கு உறவு முறையார் அருகில் இரார். அண்டை வீட்டார் இருப்பார்கள். அந்த அண்டை வீட்டாரோடு முதல் மனத்தாங்கல் எதனால் வந்தது என்று தடாவிலும் சத்தியவேட்டிலும் உள்ள நம் சங்கத்து அன்பர்கள் சிலரைக் கேட்டுப் பார்த்தேன். வாடகையைச் சொன்னவர் ஒருவரும் இல்லை. மொழியைச் சொன்னவர் ஒருவர். மற்ற எல்லாரும் சொன்னது குழாயடியையும் துவைகல்லையும்தான். வீட்டில் கைக்குழந்தையும் இருந்துவிட்டால் அந்த மனத்தாங்கல் இரட்டிப்பாகிவிடுகிறது. குழந்தையின் ஈரத்துணியைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிலர் நகைக்கக்கூடும். நகைப்பவர்கள் அத்துணியை ஒரு நாளாவது துவைத்துவிட்டு நகைக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஸ்ரீ சிட்டி என்னும் தொழில் நகரம் 2008ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 55 கிலோமீட்டரில், ஆந்திர எல்லையைத் தாண்டியதும் இருக்கிறது. அதன் நிலம் பெரும்பாலும் பழைய சித்தூர் மாவட்டத்துச் சத்தியவேடு, வரதையபாளையம் மண்டலங்களைச் சேர்ந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் அமைந்தபோது அவை அதனுடன் சேர்ந்தன. சத்தியவேட்டுப் பகுதி 1960 ஏப்ரல் முதல் நாள் வரை செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்ததுதான். எல்லை திருத்தியபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. இது ஆந்திரத்துக்குப் போயிற்று. ஆகவே இங்கே நாம் முற்றிலும் அந்நியர் அல்லேம். கடைத்தெருவில் பாதிப் பேச்சு தமிழாகவே காதில் விழுகிறது.

அந்நியமாக இருப்பது குடியிருக்கும் முறைதான். தொழிற்சாலைகள் எழும்பிய வேகத்தில் வீடுகள் எழும்பவில்லை. எனவே ஒரே கூரையின்கீழ் வரிசையாக ஆறோ எட்டோ அறைகளைக் கட்டி, முன்னே ஒரு முற்றமும், மூலையில் இரண்டு கழிப்பிடங்களும், நடுவே ஒரு குழாயும் ஒரு கல்லும் வைத்து 'லைன் வீடு' என்று வாடகைக்கு விடுகிறார்கள். எங்கள் குடித்தனமும் அத்தகைய வளவில்தான். எட்டுக் குடும்பத்துக்கு ஒரு கல். காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் ஐந்து மணிக்கு அதைச் சூழ்ந்துகொள்வார்கள்; இரவு ஷிப்டு முடிந்து வருகிறவர்கள் எட்டு மணிக்குச் சூழ்ந்துகொள்வார்கள். அதற்கு இடையே பிறந்து இருபது நாளான ஒரு சிசுவின் துணிகளை வைத்துக்கொண்டு ஒரு பெண் நிற்க வேண்டும்.

இதே ஸ்ரீ சிட்டியில் யூனிசார்ம் என்னும் ஜப்பானிய நிறுவனம் குழந்தைகளுக்கான டயாப்பர் செய்யும் தொழிற்சாலையை நடத்துகிறது. எந்தக் கம்பெனிச் சரக்கானாலும் கடையில் 'பேம்பர்ஸ்' என்று கேட்பதே நம்மவர் வழக்கம். அது 1961இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஒரு சரக்கின் பெயர். முதலில் மரக்கூழ்ப் பஞ்சைத்தான் உள்ளே வைத்தார்கள். 1980களில், தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சிக் களியாகிவிடும் ஒரு செயற்கைப் பொடியைச் சேர்த்தார்கள். இரவு முழுவதும் குழந்தை விழிக்காமல் உறங்குவது அப்பொடியின் உபயம். அதன் வசதியை நான் மறுக்கவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் அதன் மீதான வரியும் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. ஆயினும் ஒன்று 10 ரூபாய் என்றும், நாளொன்றுக்கு ஆறு என்றும் வைத்துக்கொண்டால் மாதம் 1,800 ரூபாய் ஆகிறது. ஒப்பந்தத் தொழிலாளி வீட்டில் அது அரிசிக்கும் பருப்புக்கும் வைத்த பணம்.

ஆகவே பழைய வேட்டிதான் கதி. நைந்த வேட்டியைக் கிழித்தால் கிடைக்கும் துணியைப் போல் மென்மையானது எந்தக் கடையிலும் கிடையாது. பிறந்த குழந்தைக்கு நாள் ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு துணி ஆகும். ஒரு நாள் உடுத்த, ஒரு நாள் காய என்று வைத்தால் இருபத்து நான்கு துண்டுகள் வேண்டும். துணிக்குச் செலவு இல்லை என்று சொல்லிவிடுகிறோம். துவைக்கும் கைக்குக் கூலி போடாத வரையில் அது உண்மைதான்.

நம் கிராமங்களில் இந்தக் கூலியை எப்படி மறைத்து வைத்திருந்தோம் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பேறுகாலத்துத் துணிகளை வெளுக்கும் கடமையை ஊர் ஒரு குடியின் தலையில் சுமத்தியிருந்தது. வண்ணார வீட்டுப் பெண் வந்து மூட்டையாகக் கட்டி எடுத்துச் செல்வாள். கொடுத்தது தானியமும் பழஞ்சோறும், மரியாதை கொடுத்ததில்லை. ஆனால் அவர்கள் செய்த வேலையின் நுட்பத்தை இன்றைக்கு எண்ணினால் வியப்பாக இருக்கிறது. துணியை உவர்மண் கரைசலில் தோய்த்து, வெள்ளாவியில் அடுக்கி, நீராவியில் வேக வைத்தார்கள். உவர்மண்ணின் காரம் அழுக்கை அறுத்தது. நீராவியின் வெப்பம் நோய்க் கிருமியைக் கொன்றது. கிருமி என்ற சொல்லை ஊரார் அறிவதற்கு முன்னரே அவர்கள் கை அதற்கு மருந்து செய்துகொண்டிருந்தது. நகரத்து லைன் வீட்டில் வெள்ளாவியும் இல்லை. பிறர் தலையில் சுமத்தும் அந்த வழக்கமும் இல்லை. பின்னது இல்லாததில் எனக்கு மகிழ்ச்சியே.

எங்கள் வீட்டில் குழந்தை பிறந்தபோது என் தாயார் விருத்தாசலத்துப் பக்கத்திலிருந்து வந்து மூன்று மாதம் இருந்தார்கள். அவர்கள் இருந்தவரை துணி யார் துவைப்பது என்ற கேள்வியே எழவில்லை. அவர்கள் ஊருக்குத் திரும்பிய பத்தாம் நாள் வீட்டுக்கார அம்மாள் என்னை அழைத்து, "தம்பி, பச்சைப் பிள்ளைத் துணியை இந்தக் கல்லுல போட வேண்டாம்னு உங்க வீட்டுல சொல்லுங்க. எல்லாரும் புழங்குற இடம்" என்றார்கள். கடுமையாகச் சொல்லவில்லை. ஆனால் வேறு கல் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லவில்லை.

அதே வாரத்தில் அடுத்த குடித்தனத்து இரண்டு வயதுச் சிறுவனுக்கு வயிற்றுப்போக்கு கண்டு, சூளூர்ப்பேட்டை மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்திருந்து அழைத்து வந்தார்கள். பிள்ளை தேறிவிட்டான். ஆனால் வளவில் எல்லார் கண்ணும் எங்கள் கொடியின்மேல் விழுந்தது. வாய்விட்டு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மறுமொழி கூறியிருக்கலாம். என் மனைவி குழாயடிக்குப் போவதையே நிறுத்திவிட்டு, எல்லாரும் உறங்கிய பிறகு பதினொரு மணிக்குமேல் இருட்டில் துவைக்கத் தொடங்கினாள். ஈரத்துணிகளை அறைக்குள்ளேயே கயிறு கட்டிக் காயப் போட்டாள். நான்காம் நாள் குழந்தையின் தொடையிடுக்கு முழுதும் சிவந்து புண்ணாயிற்று.

புண்ணுக்கு மருந்து கேட்கப் போன இடத்தில்தான் எங்களுக்கு இதன் உண்மை விளங்கிற்று. ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியம்மை, தெலுங்கும் தமிழும் கலந்து பொறுமையாகச் சொன்னார்கள். வீட்டுக்கார அம்மாளின் அச்சம் பொய்யன்று. ஆனால் அதற்குக் காரணம் தீட்டுமன்று, துணியுமன்று. சிறுநீரால் பெரும்பாலும் தீங்கில்லை. தாய்ப்பால் குடிக்கும் சிசுவின் மலம் தூயது என்று நாம் எண்ணுகிறோம்; அதிலும் நோய் பரப்பும் கிருமி இருக்கும். துணியைக் கல்லில் அடிக்கும்போது தெறிக்கும் நீர், பக்கத்தில் குடிநீர்க் குடம் வைக்கும் திட்டில் விழுகிறது. அலசிய நீர் முற்றத்தில் ஓடுகிறது. அதில் தவழும் குழந்தை கையை வாயில் வைக்கிறது. ரோட்டா வைரஸ் என்னும் கிருமி பரவுவது இப்படித்தான். அதற்கான சொட்டு மருந்தை அரசு 2016இல் முதன்முதலாக நான்கு மாநிலங்களில் தொடங்கியபோது அவற்றில் ஆந்திரமும் ஒன்று. சொட்டு மருந்து போட்டுவிட்டாலும் மற்றக் கிருமிகள் இருக்கின்றன அல்லவா? பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நோய் எந்தத் துணியால் வந்தது, எந்தக் கையால் வந்தது, எந்தப் பண்டத்தால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்றும் அந்த அம்மையார் கூறினார்கள். எங்கள் குழந்தைக்குப் புண் வந்த காரணத்தை மட்டும் தெளிவாகச் சொன்னார்கள்: சோப்பு போகாமல், வெயில் காணாமல், அரை ஈரமாகக் கட்டிய துணி.

சோப்பு ஏன் போகவில்லை? பழவேற்காட்டு ஏரியை ஒட்டிய இந்தப் பக்கத்தில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உவரும் கடினமும் உடையது. அத்தகைய நீரில் சோப்பு நுரைக்காது. நீரிலுள்ள சுண்ணச் சத்தோடு கூடி வெண்ணிறப் பிசினாகத் துணியின் இழைகளில் ஒட்டிக்கொள்ளும். ஒட்ட ஒட்டத் துணி விறைக்கும், ஈரத்தை உறிஞ்சாது, தோலை அறுக்கும். நாமோ நுரை வரவில்லையே என்று இன்னும் கொஞ்சம் சோப்பைத் தேய்க்கிறோம்! இதற்கு வழி, ஊற வைக்கும் நீரில் ஒரு கரண்டி சலவைச் சோடாவைக் கரைப்பது. சோடா அச்சத்தைப் பிரித்து நீரை மென்மையாக்கிவிடும். சோடா துணியில் தங்கலாகாது. கடைசி அலசல் இரண்டு முறையாவது வேண்டும். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் கடைசி அலசலுக்கு அதைவிட மேலானது இல்லை. வாசனைக்காக ஊற்றும் மென்மைத் திரவத்தைக் குழந்தைத் துணியில் சேர்க்கவே கூடாது. அது இழையில் மெழுகுபோல் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எட்டுக் குடும்பமும் முற்றத்தில் உட்கார்ந்து பேசினோம். ஆண்கள் வழக்கம்போல் வீட்டுக்காரரிடம் இரண்டாவது குழாய் கேட்பது பற்றி உரக்கப் பேசினார்கள். காரியத்தை முடித்தவர், மருத்துவமனையிலிருந்து பிள்ளையை அழைத்து வந்த அந்த அடுத்த வீட்டு அக்காதான். "குழாய் வர்றப்போ வரட்டும். கக்கூசுப் பக்கத்துல ஒரு கல்லு போட்டா என்ன?" என்றார். கடப்பைக் கல் விளையும் நாட்டில் கல்லுக்கா பஞ்சம்? உடைந்த பலகைக் கல் ஒன்றும், பத்துச் செங்கல்லும், அரை மூட்டை சிமிட்டியும் போதுமானதாயிற்று. கழிப்பிடத்துக் குழியோடு அதன் வடிகாலைச் சேர்த்துவிட்டோம். செலவு எட்டுப் பங்கு. குழந்தை இல்லாத வீட்டாரும் கொடுத்தார்கள். வீட்டுக்கார அம்மாள் பணம் கொடுக்கவில்லை, மறுக்கவும் இல்லை.

அன்று ஏற்பட்ட ஒழுங்கு இன்றுவரை நடக்கிறது. மலம் பட்ட துணி நடுக் குழாயடிக்கு வருவதே இல்லை. வீட்டிலிருந்து வாளியில் கொண்டுபோகும் நீரால் முதலில் கழிப்பிடத்திலேயே அதை அலசிக் கொட்டிவிட வேண்டும். அதற்கென ஒரு மூடியுள்ள வாளி. அந்த வாளியை வேறெதற்கும் எடுப்பதில்லை. பிறகு கொதிக்கும் நீரை ஊற்றி மூடி அரை மணி நேரம் வைத்து, அந்தக் கல்லில் துவைக்க வேண்டும். கல்லைக் கழுவிவிட்டு, கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே நடுக் குழாயைத் தொட வேண்டும். சிறுநீர்த் துணியைக் காய விட்டுச் சேர்த்து வைக்காமல் அவ்வப்போது நீரில் போட வேண்டும். வைக்க வைக்க நுண்ணுயிர்கள் அதிலிருந்து அம்மோனியாவைக் கிளப்பும். கண்ணைக் கரிக்கும் அந்த நெடியைத்தான் அண்டை வீட்டார் 'நாற்றம்' என்று முகம் சுளிக்கிறார்கள். காற்றும் வெயிலும் படும் தெற்குக் கொடி முற்பகலில் குழந்தை உள்ள வீடுகளுக்கு. மற்றவர்களுக்குப் பிற்பகல்.

இதைப் போன்ற ஓர் ஒழுங்கைப் பெரிய அளவில் காண விரும்புவோர் ஃபோர்ட் கொச்சியிலுள்ள தோபி கானாவைப் பார்க்கலாம். தமிழகத்திலிருந்து பல தலைமுறைக்கு முன் சென்று குடியேறிய வண்ணார் குடும்பங்கள் அங்கே தொழில் செய்கின்றன. இப்போதுள்ள கட்டடம் 1976இல் அமைந்தது. இடம் பொது, ஆனால் துவைக்கும் தொட்டியும் கல்லும் தனித்தனி. கொடியில் அவர்கள் கவ்விகளைப் பயன்படுத்துவதில்லை. இரண்டு தென்னங்கயிறுகளை முறுக்கிக் கட்டி, துணியின் முனையை அந்த முறுக்குக்குள் செருகிவிடுகிறார்கள். எந்தக் காற்றுக்கும் அது விழாது. எங்கள் வளவிலும் இப்போது அப்படித்தான். கவ்வி காணாமற்போன சண்டை அதோடு தீர்ந்தது.

என் மனைவி மீண்டும் வேலைக்குப் போகத் தொடங்கியதும், விடியற்காலைத் துவைப்பு என் பங்காயிற்று. வண்டிக்குப் போகுமுன் நாலரை மணிக்குக் கல்லடியில் நிற்பேன். முதல் நாள் ஒரு பெரியவர், "என்ன தம்பி, வீட்டில் உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார். நலமாக இருக்கிறாள் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. ஒரு மாதம் ஆனபின் விசாரிப்பதை விட்டுவிட்டார். இரண்டு பேரும் ஷிப்டுக்குப் போகும் வீட்டில், மாமியாரும் இல்லாத ஊரில், பன்னிரண்டு துணியை ஒருத்தியே துவைக்க வேண்டும் என்பது எந்தச் சாத்திரத்தில் எழுதியிருக்கிறது? இதில் தியாகம் என்று பாராட்டுவதற்கு ஒன்றும் இல்லை. முக்கால் மணி நேர வேலை.

சட்டத்தில் எழுதியிருந்த ஒன்றை மட்டும் அன்பர்கள் அறிய வேண்டும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 48ஆம் பிரிவு, ஐம்பது பெண்களுக்குமேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. 1976இல் அந்த எண்ணிக்கை முப்பதாகக் குறைக்கப்பட்டது. அக்குழந்தைகளின் துணியைத் துவைக்கவும் மாற்றவும் வசதி செய்யுமாறு மாநில அரசுகள் விதி வகுக்கலாம் என்றும் அதே பிரிவு கூறியது. குழந்தைத் துணி துவைப்பது தொழிற்சாலையின் பொறுப்பிலும் சேரும் என்பதை, நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டே சட்டம் இயற்றியவர்கள் எண்ணியிருக்கிறார்கள்! 2025 நவம்பர் 21 முதல் அச்சட்டத்தின் இடத்தில் புதிய தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஐம்பது தொழிலாளர்க்குமேல் உள்ள இடத்தில் காப்பகம் என்பது அதிலும் உண்டு. நம் பெண்கள் வேலைக்குச் சேரும்போது பேருந்து வசதி உண்டா, உணவு உண்டா என்று கேட்கிறார்கள். காப்பகம் எங்கே, அதில் தண்ணீர் உண்டா என்றும் கேட்கலாம்.

டயாப்பரே வேண்டாம் என்று நான் வாதிடுவதாக எண்ண வேண்டா. இரவுக்கும், மருத்துவமனைக்கும், ஊருக்குப் போகும் பயணத்துக்கும் எங்கள் வீட்டிலும் அதுதான். ஆனால் எறியும் முறை மிக மோசம். 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள், பயன்படுத்திய டயாப்பரை உற்பத்தியாளர் தரும் உறையிலோ வேறு தக்க உறையிலோ சுற்றி உலர்கழிவுத் தொட்டியில் போட வேண்டும் என்றன. நம் தெருக்களிலோ அதை ஏரிக்கரையில் எறிகிறார்கள். நாய் இழுத்து வந்து நடுவீதியில் பிரிக்கிறது. கழிப்பிடத்தில் போட்டுக் குழாயை அடைத்தவர்களும் உண்டு. பொடி நீரை உறிஞ்சி வீங்கிவிட்டால் குழாயை உடைக்கவும் நேரிடலாம். கல்லில் துவைப்பது அசுத்தம் என்று சொன்னவர்களே இதைச் செய்வதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

துணியே எப்பொழுதும் இயற்கைக்கு நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதற்கும் இல்லை. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2008இல் வெளியிட்ட ஆராய்ச்சி, இரண்டுக்கும் சராசரியில் பெரிய வேறுபாடு இல்லை என்றே கண்டது. இயந்திரச் சூட்டில் உலர்த்தினால் துணி தோற்றுவிடுகிறது. கொடியில் உலர்த்தி, அதே துணியை அடுத்த குழந்தைக்கும் கொடுத்தால் வென்றுவிடுகிறது. வெயிலுக்கு இங்கே விலை இல்லை. எங்கள் இருபத்து நான்கு துண்டுகளில் பதினேழு இப்போது கடைசி வீட்டுக் குழந்தைக்குப் போயிருக்கின்றன, வேகவைத்து, வெயிலில் மூன்று நாள் போட்டபின்.

எஞ்சி நிற்பது ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் இங்கே ஒரு வாரம் சூரியனைக் காண முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மின்சாரமும் இல்லாமல் மின்விசிறிக் காற்றும் அற்றுப்போயிற்று. சிலர் அடுப்பின்மேல் கம்பி கட்டி உலர்த்துகிறார்கள். கரியும் புகையும் துணியில் ஏறுவதோடு தீப்பிடிக்கும் அச்சமும் உண்டு. சிலர் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து உலர்த்துகிறார்கள். பன்னிரண்டு துணிக்கு அது கட்டுபடியாகவில்லை. தூளிக் கயிற்றின்மேல் போட்டுப் பார்த்தோம். சொட்டு நீர் குழந்தையின் முகத்தில் விழுந்தது. மழைக்காலத்தில் லைன் வீட்டில் துணி உலர்த்த நல்ல வழி கண்ட தாய்மார்கள் யாரேனும் இருந்தால், அடுத்த இதழுக்கு எழுதி உதவுமாறு வேண்டுகிறேன். கடைசி வீட்டுக் குழந்தைக்கு இப்போதுதான் இரண்டு மாதம் ஆகிறது.